யாருக்கும் தோன்றக்கூடிய ஒரு சீப்பு

வெயிலுகந்தபுரத்தில் மழையைவிடக் காகிதம் அதிகம். காலண்டரும் நோட்டு அட்டையும் கல்யாணப் பத்திரிகையும் தீப்பெட்டி லேபிளும் அச்சாகிற ஊர் அது. லாரி லாரியாகப் பெரிய தாள் உள்ளே வந்து சின்னச் சின்னத் தாளாக வெளியே போகும். அந்தப் பெரிசுக்கும் சின்னதுக்கும் நடுவே, ஊரெங்கும் இருநூற்றுக்கும் மேற்பட்ட கட்டிங் மிஷின்கள் ஆள் நீளக் கத்திகளை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். அந்தக் கத்திகளுக்குத் தாள் எது, விரல் எது என்று தெரியாது என்பதால், எந்தத் தெருவுக்குப் போனாலும் யாராவது ஒருவர் வலது கையைத் துண்டுக்குள் சுற்றி வைத்துக்கொண்டு இடது கையால் டீ குடித்துக்கொண்டிருப்பார். எப்போது போனது, எந்த மிஷினில் போனது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் ஒரே பதில்தான்.

"கவனம் பெசகிருச்சு."

அந்த ஊரில் கட்டிங் மிஷின்களுக்கு ரிப்பேர் பார்க்கும் பட்டறை வைத்திருந்தவள் ஜெயக்கொடி. முப்பத்தொன்பது வயது, கல்யாணம் வேண்டாமென்று சொல்லி வீட்டார் ஓய்ந்துபோன வயது. பட்டறை வைப்பதற்கு முன்னால் பத்து வருஷம் ஒரு அச்சகத்தில் கட்டிங் மிஷினுக்குப் பக்கத்தில் நின்றவள்; கட்டிங் மாஸ்டர் தாளை அடுக்கி "ம்" என்று சொன்னதும் பெடலை மிதிப்பதும், வெட்டிய தாள்கட்டை எடுத்து அடுக்குவதும் அவள் வேலை. அந்த மாஸ்டரின் பெயர் வெயிலுமுத்து. அவருக்கு ஒரு ஆடி மாதத்தில் இரண்டு விரல் போன மறுவாரமே அவள் வேலையை விட்டு நின்றுவிட்டாள். பட்டறை வைத்துத் தொழில் படிந்த பிறகு ஏழு வருஷம், கத்தி விரலைக் கண்டால் நிற்கும்படி ஒரு பொருளைச் செய்ய வேண்டுமென்று, செய்தாள், பிரித்தாள், செய்தாள், பிரித்தாள்.

கடைசியில் செய்தது ஒரு சீப்பு. கத்திக்கு முன்னால், ஒன்றோடொன்று ஒட்டாமல் தொங்கும் நாற்பத்தெட்டு இரும்புப் பற்கள். ஒவ்வொரு பல்லிலும் ஒரு துளை. தாளை அமுக்கிப் பிடிக்கும் சட்டம் இறங்கும்போது பற்களும் இறங்கித் தாளின்மேல் உட்காரும். எல்லாப் பல்லும் சமமாக உட்கார்ந்தால் எல்லாத் துளையும் ஒரே நேராக வரும். வந்தால் ஒரு கம்பி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடும். கம்பி ஓடினால்தான் கத்தி இறங்கும். நடுவில் ஒரு விரல் இருந்தால் ஒரு பல் உயரமாக நிற்கும்; ஒரு பல் உயர்ந்தால் கம்பி ஓடாது, கத்தி அசையாது. வெட்டி முடித்ததும் கம்பி தானாகப் பின்வாங்கிவிடும் என்பதால், பழைய மிஷின்களுக்குப் பிடித்த பேய் மாதிரி கத்தி கேட்காமலே இரண்டாம் தடவை இறங்கும் பழக்கமும் நின்றுபோகும். கரண்டு வேண்டாம், கண்ணாடி வேண்டாம், தூசி படிந்தாலும் கவலையில்லை.

அதற்குக் காப்புரிமை கேட்டு அவள் எழுதிப்போட்டாள். மதுரையில் இருந்த ஃபரிதா என்ற வக்கீல் அந்த வழக்கை எடுத்துக்கொண்டாள். காப்புரிமை எதற்கு என்று ஃபரிதா முதல் நாளே கேட்டபோது ஜெயக்கொடி சொன்னாள்: "புது மிஷின் செய்றவங்க இதத் தனியா விக்கக் கூடாது மேடம். வேணும்ங்கிறவனுக்கு மாட்டித் தர்றேன், வேணாம்ங்கிறவனுக்கு வேணாம்னு சொல்லக் கூடாது. வேணாம்னு சொல்றவன் முதலாளி. வெரலு போறவன் வேற ஆளு."

வடக்கே இருந்த ஒரு பெரிய மிஷின் கம்பெனிக்கு இது பிடிக்கவில்லை. அவர்கள் ஆட்சேபணை போட்டார்கள். பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அந்த ஆட்சேபணை, ஃபரிதாவின் தமிழ் மொழிபெயர்ப்போடு தபாலில் வந்தது. தெருவே பட்டறை வாசலில் கூடிவிட்டதால், ஜெயக்கொடி வெயிலில் நின்றபடி அதைச் சத்தமாக வாசித்தாள். பூட்டு என்பது ஆயிரம் வருஷப் பழசு; வெட்டும் மிஷின் நூறு வருஷப் பழசு; பூட்டுக்குள் இருப்பதைத்தான் மனுதாரர் மிஷினில் மாட்டியிருக்கிறார்; ஆகவே, "இத்துறையில் சாதாரணத் திறமையுள்ள எவருக்கும் இது எளிதில் தோன்றக்கூடியதே."

அந்த வரியை அவள் வாசித்தபோது மணி பதினொன்று. கூட்டத்தில் நின்ற தங்கமாடன் என்பவர், பதினெட்டு வருஷத்துக்கு முன் மூன்று விரல் போனவர், கண் கூசியதால் கையைத் தூக்கி நெற்றிமேல் வைத்தார். டீக்கடை மாரிக்கனி எதிர்ச் சுவரைப் பார்த்துவிட்டு, பால் பொங்குகிறது என்று சொல்லும் அதே குரலில் சொன்னார்:

"மாடண்ணே, ஒங்க நெழலுக்கு அஞ்சு வெரலு இருக்கு."

தங்கமாடன் திரும்பிப் பார்த்தார். இருந்தது. கையைப் பார்த்தார்; இரண்டுதான். மறுபடி சுவரைப் பார்த்தார், ஐந்து. மடக்கினார், ஐந்தும் மடங்கின. அப்புறம் கூட்டத்திலிருந்த மற்றவர்களும், முதலில் ஒருவர், பிறகு நான்கு பேர், துண்டுக்குள்ளிருந்தும் சட்டைப் பைக்குள்ளிருந்தும் கைகளை எடுத்து வெயிலில் நீட்டினார்கள். பட்டறைச் சுவர் முழுக்க முழுக் கைகள்.

ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆனால் முறையாக எடுத்துக்கொண்டது. ஊருக்குப் பெயர் கொடுத்த அம்மன் கோவிலின் பூசாரி, "அம்மன் பேர்லயே வெயில் இருக்கு, அவ பாத்துக்கிடுவா" என்று சொல்லி, உச்சிக்கால பூஜைக்கு விபூதி கொடுப்பதைக் கருவறை வாசலிலிருந்து திறந்த முற்றத்துக்கு மாற்றினார். சொந்தக் கையில் ஒரு சிட்டிகையும், தரையில் கிடக்கும் நிழல் கையில் ஒரு சிட்டிகையும் போட்டார். ரேஷன் கடைக்காரர், விரல் ரேகை விழாமல் இத்தனை நாள் அலைக்கழிந்தவர்களின் நிழலை ரேகை மிஷின்மேல் விழவைத்துப் பார்த்தார். பச்சை விளக்கு எரியவில்லை. அரசாங்கத்துக்கு நிழல் போதாது என்று தெரிந்துகொண்டு, அவர்களுக்கென்று தனியாக ஒரு கையெழுத்து நோட்டுப் போட்டார், அதை ஆறு வருஷத்துக்கு முன்பே போட்டிருக்கலாம் என்று அவரே சொல்லிக்கொண்டார். காலையில் நிழல் நீளமாக விழும் நேரத்தில் ஒரு கையின் விரல்கள் தெருவின் குறுக்கே அந்த ஓரம்வரை போகும் என்பதால், கோலம் போடுகிற பெண்கள் நடந்து போகிறவர்களிடம், "பாத்து, வெரல மிதிச்சிராதீக" என்றார்கள். சைக்கிளில் வருகிறவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். பால் வண்டிக்காரன் மட்டும் ஒருநாள் மறந்துபோய் ஏற்றிவிட்டு, திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டான்.

கல்யாணத்துக்கு முன்பே மோதிர விரல் போன ஒருவருடைய மனைவி அவரை இழுத்துக்கொண்டு ஆசாரியிடம் போனாள். இருபத்திரண்டு வருஷமாகப் போடாத மோதிரத்தை நிழலுக்காவது போட்டுப் பார்க்க வேண்டும் என்றாள். ஆசாரி கொஞ்சமும் யோசிக்காமல் அளவு எடுத்தார். எடுத்துவிட்டு, "காலையில ஒரு அளவு வருது, இப்ப ஒரு அளவு வருது, உச்சிப் பொழுதுல வாங்கம்மா, அப்பத்தான் நெழலு பொய் சொல்லாது" என்று அனுப்பினார். அவர்கள் உச்சிப் பொழுதில் வந்தார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம், மனிதர்கள் தெருவில் பக்கம் மாறியதுதான். கரிசல் காட்டு வெயிலில் பிறந்த யாரும் நிழலோரமாகத்தான் நடப்பார்கள். இப்போது விரல் போனவர்களெல்லாம், சித்திரை பிறந்து தார் உருகும் காலத்திலும், வெயிலோரமாக நடந்தார்கள். வருஷக்கணக்காக ஒளித்து வைத்த கைகளை வீசி நடந்தார்கள். வீசி நடந்ததால்தான் ஊர் முதல்தடவையாக அவர்களை எண்ணியது. வெயிலுக்கு வராத ஒருவரையும் சேர்த்து அறுபத்தொரு பேர். இத்தனை பேரா என்று ஊரே கேட்டது, அவர்களும் கேட்டார்கள்.

விரல் போன தேதிகளைச் சொல்லத் தொடங்கி வைத்தவள் ராஜகனி. அவள் புருஷன் சங்கரவேல் நான்கு விரல் இழந்து, பிறகு பல வருஷம் இருந்து, காய்ச்சலில் செத்துப்போனவர். அவள் அவருடைய போட்டோவைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்கு வந்தாள். போட்டோவின் நிழல் போட்டோ மாதிரியே சதுரமாகத்தான் விழுந்தது. இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள், சதுரம்தான். அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். மற்றவர்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு அவள் சொன்னாள்: "தொண்ணூத்தாறு, கார்த்திகை மாசம், பன்னண்டாந் தேதி, காலையில பத்தேகால். டைரி அட்ட வெட்டுற வேல. கத்தி ரெண்டாந் தடவ தானா எறங்குச்சு. அவரு கவனமாத்தான் இருந்தாரு. நான் சாப்பாடு கொண்டுபோய் வாசல்ல நின்னேன், எனக்குத் தெரியும்."

அவர் கவனமாகத்தான் இருந்தார் என்ற சொல்லை அந்த ஊர் அதுவரை கேட்டதில்லை. கேட்டதும் தங்கமாடன், "எனக்கும் ரெண்டாந் தடவதான்" என்றார். இன்னொருவர், "எனக்குந்தான்" என்றார்.

பதினைந்து நாள் கழித்து ஃபரிதா மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். சுவர்களில் விழுந்த நிழல்களைப் பார்த்தாள், தன் கையையும் ஒருதரம் நீட்டிப் பார்த்துக்கொண்டாள், அப்புறம் பையைத் திறந்து பேனாவை எடுத்தாள்.

"எந்த வருஷம், எந்த மிஷின், அதுக்கப்பறம் அந்த மிஷின்ல என்ன பண்ணிப் பாத்தாங்க. ஒவ்வொருத்தரும் இதச் சொல்லணும்" என்றாள்.

"அதுக்கப்பறம் பண்ணினது எதுக்கு மேடம்? ஒண்ணும் பலிக்கலையே" என்றார் தங்கமாடன்.

"அதான் எனக்கு வேணும்" என்றாள் ஃபரிதா.

சொன்னார்கள். ஒரு அச்சகத்தில் கட்டிங் மாஸ்டரின் மணிக்கட்டில் கயிறு கட்டி உத்தரத்தில் மாட்டியிருந்தார்கள், கத்தி இறங்கினால் கை மேலே போகும்படி. கயிறு ஒருநாள் அறுந்தது. ஒன்றில் கத்திக்கு மணி கட்டினார்கள்; மணிச் சத்தம் பழகிப்போய்க் காதில் விழவில்லை. ஒன்றில் சிவப்புக் கோடு. ஒன்றில் கோயம்புத்தூரிலிருந்து வந்த படித்த இன்ஜினியர் விளக்கு வைத்த கண் ஒன்றைப் பொருத்தினார். காகிதத் தூசியில் அது எட்டே நாளில் குருடானது. ஒன்றில் எலுமிச்சம்பழம். நாற்பது வருஷம், இருநூறு மிஷின், எல்லோரும் ஏதோ ஒன்றைச் செய்து பார்த்திருந்தார்கள்; எல்லோர் வீட்டு வாசலிலும் ஒரு பூட்டும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

அறுபது பேர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். வெயிலுமுத்து மட்டும் போடவில்லை. அவர் இப்போது பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். ஊரெல்லாம் வெயிலுக்கு வந்தபோதும் அவர் கடையைவிட்டு இறங்கவில்லை, தன் நிழலை ஒருதரமும் பார்க்கவில்லை. காப்புரிமை விசாரணைக்குச் சென்னை போக நான்கு நாள் இருக்கும்போது ஜெயக்கொடி அவர் கடைக்குப் போனாள். பதினாலு வருஷமாக அவர்கள் இரண்டு பேரும் எதிரெதிரே வந்தால் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தவர்கள்.

"அண்ணே, நீங்க மட்டுந்தான் பாக்கி."

"நான் எழுதுனா நல்லாருக்காது ஜெயக்கொடி. மிஷின் பக்கத்துல யாரு நின்னான்னு கேப்பாங்க. ஒம் பேரு வரும். கம்பெனி வக்கீலு அதப் பிடிச்சுக்கிடுவான்."

"வரட்டும். பெடல மிதிச்சது என் காலுதான்னே எழுதுங்க. பதினாலு வருஷமா அந்தக் காலோடதான நடக்கேன்."

வெயிலுமுத்து ஓடிக்கொண்டிருந்த ஜெராக்ஸ் மிஷினை நிறுத்தினார்.

"எந்தக் காலு?"

"நீங்க 'ம்'னு சொல்றதுக்கு முந்தி மிதிச்ச காலு."

"நீ மிதிக்கவே இல்லையே" என்றார் அவர். "வெட்டுன கட்டத் தூக்கிக்கிட்டு ரெண்டு எட்டு தள்ளிப் போயிட்ட. எனக்கு முதுகு காட்டி நின்ன. கத்தி தானா எறங்குச்சு. நான் பாத்துக்கிட்டேதான இருந்தேன்."

ஜெயக்கொடி கேட்டாள்: "அப்ப ஏன் கவனம் பெசகிருச்சுன்னு சொன்னீங்க?"

"எல்லாரும் அதத்தான சொல்லுவாங்க. மிஷினச் சொன்னா முதலாளிக்கு ஆகாது. வேற எதச் சொன்னாலும் பக்கத்துல நின்ன புள்ள யாருன்னு தேடுவாங்க. என்னயச் சொல்லிட்டா பேச்சு அதோட முடிஞ்சுரும்." அவர் அவளையே பார்த்தார். "நீ இப்பிடி நெனச்சுக்கிட்டு இருந்தது எனக்கு எப்பிடித் தெரியும்? தெரிஞ்சா அன்னைக்கே வந்து சொல்லியிருப்பேனே."

அவள் தாள் கட்டுகளின்மேல் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. வெயிலுமுத்து என்ன செய்வதென்று தெரியாமல் அவளுக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார். அவள் குடித்து முடித்ததும், "அன்னைக்கே சொல்லியிருந்தா நீ அந்தச் சீப்பச் செஞ்சிருக்க மாட்டியோ என்னமோ" என்றார்.

"செஞ்சிருப்பேண்ணே. கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே செஞ்சிருப்பேன்."

அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, இடது கையால், கோணல் மாணலாக, நடந்ததை நடந்தபடி எழுதினார். எழுதியதை இரண்டு பிரதி எடுத்தார். பிறகு கடைப் படியை விட்டு இறங்கி வெயிலில் நின்று, தரையில் விழுந்த தன் கையை, ஊரிலிருந்து வந்திறங்கிய உறவுக்காரரைப் பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்னையில் விசாரணை ஒரு மூன்றாவது மாடி அறையில் நடந்தது. நடு வயதுப் பெண் அதிகாரி, முன்னால் கண்ணாடி வைத்த மேஜை, குளிர்ந்த அறை, இழுத்து மூடிய ஜன்னல் திரைகள். கம்பெனி வக்கீல் மரியாதையான மனிதர். அவர் பையிலிருந்து ஒரு சாதாரணப் பூட்டை எடுத்து மேஜையில் வைத்தார். ஒரு பக்கம் அறுத்துத் திறந்த பூட்டு. உள்ளே குட்டி குட்டியாக ஊசிகள் தெரிந்தன.

"இதுதான் மனுதாரரின் கண்டுபிடிப்பு. சாவி போட்டால் ஊசிகள் நேராகும், பூட்டுத் திறக்கும். மனுதாரரின் வரைபடத்தைப் பார்த்த முதல் நிமிஷத்திலேயே எனக்கு இந்தப் பூட்டு ஞாபகம் வந்தது. நான் வக்கீல்தான், மெக்கானிக் இல்லை. எனக்கே தோன்றியது என்றால் மெக்கானிக்குகளுக்குத் தோன்றாதா?"

"வரைபடத்தைப் பார்க்கிறதுக்கு முந்தின நிமிஷம் தோன்றியதா?" என்று கேட்டாள் ஃபரிதா.

வக்கீல் சிரித்தார், அந்தச் சிரிப்பில் பகை இல்லை. ஃபரிதா அறுபத்தொரு வாக்குமூலங்களை மேஜையில் அடுக்கினாள். அதிகாரி ஒவ்வொன்றாகப் புரட்டினார். கயிறு, மணி, கோடு, கண், எலுமிச்சம்பழம். கையெழுத்துகளில் பாதி இடது கைக் கையெழுத்து என்பதை அவர் கவனித்ததுபோல இருந்தது. பிறகு நிமிர்ந்து ஜெயக்கொடியைப் பார்த்தார்.

"இது உங்களுக்கு எப்படித் தோன்றியது?"

"தோணல மேடம்" என்றாள் ஜெயக்கொடி. "ஏழு வருஷம் தோணவே இல்ல. பத்தொம்பது விதமாச் செஞ்சு பாத்து எல்லாத்தையும் எடைக்குப் போட்டேன். பூட்டு எனக்கும் தெரியும், எத்தனையோ பூட்ட அறுத்துப் பாத்திருக்கேன். பூட்டப் பாத்தா எல்லாருக்கும் திருடன் ஞாபகந்தான் வரும், எனக்கும் அதான் வந்துச்சு. ஒருநா பள்ளிக்கூடத்து பீரோப் பூட்ட அறுத்துப் போட்டுப் பாத்துக்கிட்டு இருக்கும்போது, ஒரு ஊசி மட்டும் தூக்கிக்கிட்டு நின்னுச்சு. அன்னைக்கு அது எனக்கு ஊசியாத் தெரியல. வெரலாத் தெரிஞ்சுது."

வாக்குமூலம் தன்னுடையதுதான் என்று சொல்ல வெயிலுமுத்து எழுந்து நின்றபோது, திரையின் ஓர் இடைவெளி வழியாக மாலை வெயில் ஒரு பட்டையாக உள்ளே வந்து, அவர் கையின் நிழலைச் சுவரில் போட்டது. அதிகாரி அதைப் பார்த்தார். எண்ணவும் செய்தார், உதடு லேசாக அசைந்தது. பிறகு தானே எழுந்துபோய்த் திரையைச் சரியாக இழுத்து மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இதைப் பார்த்து நான் முடிவு சொல்லக் கூடாது. தாளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்" என்றார். "சொல்வதற்குத் தாள் போதும்."

உத்தரவு ஐப்பசியில் வந்தது. பதினாறு பக்கம். ஃபரிதா போனில் ஒரு பத்தியை மட்டும் தமிழில் வாசித்துக் காட்டினாள்: பூட்டும் இருந்திருக்கிறது, மிஷினும் இருந்திருக்கிறது, தேவையும் நாற்பது வருஷமாக இருந்திருக்கிறது, முயன்றவர்களும் இருந்திருக்கிறார்கள், இத்தனையும் ஒரே ஊரில் இருந்தும் யாரும் செய்யவில்லை என்றால், அது எளிதில் தோன்றக்கூடியது அல்ல, பார்த்த பிறகு எல்லோருக்கும் தோன்றுவது வேறு. ஆட்சேபணை தள்ளுபடி. காப்புரிமை வழங்கப்படுகிறது.

தை மாதம் முதல் ஆளாக அந்தக் கம்பெனியே பட்டறை வாசலுக்கு வந்தது, அதே மரியாதையான வக்கீலோடு. ஜெயக்கொடி டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு நிபந்தனையைச் சொன்னாள். நீங்கள் செய்யும் எல்லா மிஷினிலும் சீப்பு இருக்க வேண்டும். சீப்பு இல்லாத மிஷின் என்று ஒன்று உங்கள் பட்டியலிலேயே இருக்கக் கூடாது. அவர்கள் இரண்டு தரம் வந்தார்கள், மூன்றாம் தரம் கையெழுத்துப் போட்டார்கள். பழைய மிஷின்களுக்கு, தான் செய்த முதல் சீப்பை அவளிடம் கொண்டுவந்து காட்டி, அவள் சரியென்று சொல்லிவிட்டால், எந்தப் பட்டறைக்காரரும் செய்து மாட்டலாம் என்று விட்டுவிட்டாள். வெயிலுமுத்து வாரத்தில் மூன்று நாள் ஜெராக்ஸ் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்து, ஊர் ஊராகச் சீப்பு மாட்டப் போகிறவர்களோடு போனார். மிஷினைத் தொடுவதற்கு முன் இரண்டாம் தடவை இறங்குகிற மிஷினா என்று காதை வைத்துக் கேட்டுச் சொல்வார், தப்பியதே இல்லை.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு வைகாசி முகூர்த்த சீசன். கல்யாணப் பத்திரிகை வேலை குவிந்து கிடந்த ஓர் அச்சகத்தில், சண்முகத்தாய் என்ற கட்டிங் மாஸ்டர் மதியத்துக்குமேல் மிஷினில் நின்றுகொண்டிருந்தாள். ஊரில் அப்போது பெண்களும் கத்திக்கு நிற்கத் தொடங்கியிருந்தார்கள். இன்னும் நாலு கட்டு பாக்கி; வண்டி வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு தாள் மடங்கியிருந்ததை நீவிவிடக் கையை நீட்டினாள், கால் பெடலில் இருந்தது, கால் இறங்கியது.

கத்தி இறங்கவில்லை. சீப்பில் ஒரு பல் கொஞ்சம் உயரமாக நின்றது.

"அட, இது ஒண்ணு, அவசரத்துக்கு நின்னுக்கிடும்" என்று சலித்துக்கொண்டு, சண்முகத்தாய் கையை எடுத்தாள், லீவரைத் தூக்கிவிட்டாள், தாளைத் தட்டி அடுக்கி மறுபடி மிதித்தாள். நாலு கட்டும் முடிந்தது. வண்டி போனது. அவள் கையைக் கழுவி, தலையில் ஒட்டியிருந்த காகிதத் தூசியைத் தட்டிவிட்டு, போகிற வழியில் மல்லிகைப்பூ ஒரு முழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டார்கள். யோசித்துப் பார்த்தாள், சொல்லும்படியாக எதுவும் ஞாபகம் வரவில்லை.

"ஒண்ணும் இல்ல" என்றாள்.